ரெண்டு ஓட்டும் ஒரே பெட்டியும்

ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேசிவிட்டு இறங்கினேன். கையில் தேநீரோடு ஒரு பேராசிரியர் வந்தார். "உங்களுக்குத்தான் 44 தனித்தொகுதி இருக்கே, இன்னும் என்ன வேணும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வாசலில் நிற்பவரைப் பார்த்து "அதான் போட்டாச்சே, இன்னும் ஏன் நிக்கிறே" என்பார்களே, அந்தச் சலிப்பு. அன்று நான் பதில் சொல்லவில்லை. இது அந்தப் பதில்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தனித்தொகுதி. அந்தத் தொகுதியில் தனியாக இருப்பது வேட்பாளரின் சாதிச் சான்றிதழ் மட்டும்தான். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாச் சாதியும். நிற்பவர் சேரி, தேர்ந்தெடுப்பது ஊர். 1932இல் பாபாசாகேப் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசையில் வாதாடி வாங்கியது இதுவல்ல. அது வாக்காளரே தனியாக இருந்த தொகுதி. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு பெயர். தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்துப் பழகிவிட்டோம். அதனால் பறிபோனது பறிபோனது என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று.

நான் தமிழ் எம்.ஏ. பத்தாம் வகுப்பில் கணக்கில் 36 மதிப்பெண் எடுத்துத் தப்பித்தவள். கணக்கு நமக்கு ஆகாது என்று நம் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் நம்மைக் கவிழ்த்தது எல்லாம் கணக்குத்தான். எத்தனை இடம் என்பதற்குச் சண்டை போட்டோம். ஓட்டை எப்படி எண்ணுவது என்பதை அவர்கள் கையில் விட்டுவிட்டோம். இடங்கள் கூடின, எண்ணும் முறை அவற்றைத் தின்றது.

எம்.ஏ. வகுப்பில் குடவோலை பற்றிப் படிக்காதவர் உண்டா? உத்திரமேரூர், பராந்தக சோழன், 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, ஒவ்வொரு குடும்புக்கும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று வாத்தியார் மார் நிமிர்த்துவார். குடத்துக்குள்ளே பார்த்தால் அது சுத்தமான கணக்குத்தான். உள்ளே போன ஓலைகள் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. குடத்தின் வாயைப் பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பார்ப்பனக் குடியிருப்பின் சபை. நிலத்தை உழுதவன் பெயர் எந்த ஓலையில் இருந்தது? இந்தக் கேள்வியைத் தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் எம்.ஏ. முடித்திருக்க மாட்டேன்.

சரி, 1932க்கு வருவோம். ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரண்டு ஓட்டுக் கொடுத்தது. ஒன்று, நாம் மட்டும் போட்டு நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க. இன்னொன்று, பொதுத் தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து போட. அந்த இரண்டாவது ஓட்டுத்தான் பெரிய ஆயுதம் என்று அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொதுத்தொகுதியில் நிற்கும் சாதி இந்து வேட்பாளர் சேரிக்கு வந்து கேட்டே ஆக வேண்டும். சேரியைக் கொளுத்திவிட்டு ஓட்டுக் கேட்க வர முடியாது. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சபைகளில் 71 என்று இருந்த நம் இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இரண்டு மடங்குக்கு மேலே கொடுத்தோம் பார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கொடுத்ததற்கு விலையாக இரண்டு ஓட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

பதிலுக்கு வந்தது இரண்டு சுற்றுத் தேர்தல். முதல் சுற்றில் நாம் மட்டும், ஆளுக்கு ஒரு ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு தொகுதியில் 100 வாக்காளர் என்று வையுங்கள். சேரி 20, ஊர் 80. முதல் சுற்றில் நம்முடைய ஆளுக்கு 12 ஓட்டு. அடுத்தவருக்கு 4, அதற்கடுத்தவருக்கு 3. பண்ணையார் வீட்டுத் தயவில் நிற்கும் நாலாவது ஆளுக்கு 1, அது அவர் ஓட்டாகவே இருக்கலாம். நான்கு பேரும் தேறிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் ஊர் 80 பேரும் அந்த நாலாவது ஆளுக்குப் போடுகிறார்கள். முடிவு: 81க்கு 12. நம்மில் இருபதில் ஒருவர் மட்டுமே நம்பிய ஆள் நம் பிரதிநிதி! ஒருவரும் கள்ள ஓட்டுப் போடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அம்பேத்கர் 1945இல் எழுதிய காங்கிரசும் காந்தியும் பற்றிய நூலில் காட்டிய ஓட்டை இதுதான்.

ஆனால் எண்ணும் முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1937இல் பம்பாய் மாகாணத்தில் பல உறுப்பினர் தொகுதிகளில் ஒருவருக்கு எத்தனை ஓட்டு உண்டோ அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம் என்று விதி இருந்தது. குவிப்பு ஓட்டு என்று சொல்வோம். அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி 17 பேரை நிறுத்தியது, 14 பேர் வென்றார்கள். பிறந்து ஒரு வருடம் கூட ஆகாத கட்சி.

சுதந்திரம் வந்ததும் அந்தக் கதவு மூடப்பட்டது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து போன எஸ். நாகப்பா ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார். தனி வாக்காளர் தொகுதிகூட அவர் கேட்கவில்லை. ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்கிறவர் தன் சொந்த மக்கள் போட்ட ஓட்டில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். படேல் ஒத்துக்கொள்ளவில்லை. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. முப்பத்தைந்து சதவீதம்! பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க்கு.

பிறகு 1952. ஒதுக்கப்பட்ட இடம் தனியாக இல்லை. ஒரு தொகுதிக்கு இரண்டு உறுப்பினர், அதில் ஒன்று நமக்கு. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஆனால் இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. போட்டால் ஒன்றுதான் எண்ணப்படும். சட்டத்தில் இப்படியே எழுதி வைத்தார்கள். இதனால் நம் வேட்பாளரின் உயிர், மற்றவர்களுடைய இரண்டாவது ஓட்டில் ஊசலாடியது. வட பம்பாயில் அரசியல் சட்டத்தை எழுதியவரே நின்றார். அம்பேத்கருக்கு 1,23,576. காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கருக்கு 1,38,137. வித்தியாசம் 14,561. செல்லாதென்று தள்ளப்பட்டவை மட்டும் 74 ஆயிரத்துக்கு மேல். இரண்டாவது ஓட்டை அம்பேத்கருக்குப் போடாமல் வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அவரும் அசோக் மேத்தாவும் தேர்தல் மனுப் போட்டார்கள். மனு நிற்கவில்லை.

இந்த ரெண்டு ஓட்டுச் சமாச்சாரம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் ஆயா சொன்னது. நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் திண்ணையில் புளி நசுக்கிக்கொண்டே சொன்னது. 1957 தேர்தல். அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், மறைவுக்குள் போய்ப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். ஆயா கையில் இரண்டு சீட்டு.

"மணியக்காரரு வந்து தெருமொனையில நின்னுகிட்டு சொன்னாரு. ஒண்ண ஐயா பொட்டியில போடுங்க, இன்னொண்ண உங்காளு பொட்டியில போடுங்கன்னு. உங்காளு யாருன்னும் அவரே சொன்னாரு. அவன் எங்காளு இல்ல. ஐயா வூட்டு மாட்டுக்காரன். உள்ள போனேன். நம்ம ஆளு பொட்டி ஓரமா இருந்துச்சு. ரெண்டையும் அதுலயே போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு வருசம் யாருக்கும் மூச்சு விடல."

நான் சட்டத்தைச் சொன்னேன். ஒன்றைத்தான் எண்ணியிருப்பார்கள் ஆயா என்றேன். புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: "அப்ப இன்னொரு சீட்ட என்னா பண்ணாங்க?"

எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. அந்த மறைவுக்குள் தனியாக நின்று குவிப்பு ஓட்டைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. சட்டம் அதைக் கழித்துவிட்டது.

அதே 1957இல் ஆந்திராவில் பார்வதிபுரம் என்ற இரட்டைத் தொகுதியில் வேறொன்று நடந்தது. அங்கே ஒரு இடம் பழங்குடியினருக்கு. விதி என்னவென்றால், முதலில் பழங்குடி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒதுக்கிய இடத்தைக் கொடுப்பது, பிறகு மீதியுள்ள எல்லோரிலும் அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பொது இடத்தைக் கொடுப்பது. எண்ணிப் பார்த்தால் இரண்டாவது ஆளும் பழங்குடி! சில நூறு ஓட்டில் தோற்றவர் யார் தெரியுமா? வி.வி. கிரி. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959இல் நீதிமன்றம், விதிப்படி சரிதான், பழங்குடி என்பதற்காகப் பொது இடத்துக்கு உரிமை இல்லாமல் போகாது என்று சொல்லிவிட்டது. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதி ரொம்பப் பெரிசு, சமாளிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். கணக்கு நம் பக்கம் ஒரு தடவை சாய்ந்தது. கணக்கையே எடுத்துவிட்டார்கள். நான் இப்படித்தான் படிக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பேராசிரியர் சொன்ன 44. ஒரு தொகுதி, ஒரு இடம், ஆளுக்கு ஒரு ஓட்டு. பூனா ஒப்பந்தத்தில் பேருக்காவது இருந்த முதல் சுற்றும் கிடையாது. தனித்தொகுதிகளிலும் நாம் பெரும்பாலும் சிறுபான்மைதான். வேட்பாளரைப் பொறுக்குவது கட்சித் தலைமை, ஜெயிக்க வைப்பது ஊர். அப்படி ஜெயித்தவர் வெண்மணிக்கும் மேலவளவுக்கும் வாய் திறப்பார் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்க்கிறோம்? அவரைத் திட்டி நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். துரோகி என்கிறோம். அவர் துரோகி இல்லை, தன் வாக்காளருக்கு விசுவாசமாக இருக்கிறார். அந்த வாக்காளர் நாமில்லை.

கணக்கு அறிஞர்கள் நல்ல தேர்தல் முறைக்குச் சொல்லும் முதல் நிபந்தனைகளில் ஒன்று, ஓட்டுக்குப் பெயர் இருக்கக் கூடாது என்பது. இரண்டு பேர் தங்கள் சீட்டுகளை மாற்றிக்கொண்டாலும் முடிவு மாறக் கூடாது. காகிதத்தில் எவ்வளவு அழகு! வாக்குச்சீட்டுக் காலத்தில் தேவைப்பட்ட இடங்களில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்காவது விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் சாவடிவாரியாக எண்ணிக்கை வெளியே வருகிறது. சேரிக்கென்று தனிச் சாவடி இருக்கும் இடத்தில், சேரி யாருக்குப் போட்டது என்று மறுநாள் காலை டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். பல இயந்திரங்களைச் சேர்த்துக் கூட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் கேட்டது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

சேரிக் கூட்டங்களுக்கு நான் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை எடுத்துப் போகிறேன். தாயம் ஆடத் தேய்ப்போமே, அதுபோல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்தது 21. தேய்க்காதது 79. மொத்தம் 100 வாக்காளர். நாலு தொகுதியை ஒன்றாக்கி, ஒரே தொகுதியில் நாலு உறுப்பினர் என்று வைக்கிறேன். ஆளுக்கு நாலு ஓட்டு, எப்படி வேண்டுமானாலும் குவிக்கலாம். நாம் 21 பேரும் நாலு ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போட்டால் 84. ஊர்க்காரர் 79 பேர், 316 ஓட்டு. நம் ஆளைத் தோற்கடிக்க அவர்களுக்கு 84க்கு மேல் வாங்கும் நாலு பேர் வேண்டும். அதற்கு 336க்கு மேல் ஓட்டு வேண்டும். இருப்பது 316. என்ன கூட்டணி வைத்தாலும், என்ன பணம் இறக்கினாலும், அந்த 79 பேரால் நம் ஆளைத் தடுக்க முடியாது. யார் தயவும் இல்லாமல், ஒதுக்கீடுகூட இல்லாமல் ஒரு இடம். நாம் 20 பேராக இருந்தால்? 80. அவர்கள் 320ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 80. சமம், சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், அதுதான் எல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நாம் 20.01 சதவீதம். அந்தப் புள்ளி பூஜ்யம் ஒன்றை நான் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா வட்டாரத்திலும் நாம் 20 இல்லைதான், சில இடங்களில் 30க்கு மேலே, சில இடங்களில் பத்துகூட இல்லை. பத்து உள்ள இடத்துக்கு ஒதுக்கீடு வேண்டும்தான். ஒதுக்கீட்டைக் கைவிடச் சொல்லவில்லை, அதை எண்ணும் முறையைக் கேட்கச் சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போய்வந்த ஒரு அக்கா கொட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. 21ஐ 11, 10 என்று கையால் பிரித்தது. "நாமளே ரெண்டாப் போயி நின்னா?" என்றது. 44, 40. போச்சு. ஊரின் நாலு பேருக்கும் ஆளுக்கு 79. அந்த அக்கா கேட்டது நம் தலைவர்கள் கேட்க விரும்பாத கேள்வி. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று மூன்றாக நிற்கிறோம். ஒரே ஆளுக்குக் குவியுங்கள் என்றால், யாருடைய ஆளுக்கு?

இதற்கும் ஒரு முறை உண்டு. ஓட்டுக்குப் பதில் வரிசை எழுதுவது: எனக்கு முதலில் இவர், இவர் தேறாவிட்டால் அவர். 100 பேர், நாலு இடம் என்றால் 21 ஓட்டு வாங்கியவர் தேறுவார். நம் இருவரில் ஒருவருக்கு 11, இன்னொருவருக்கு 10. பத்து வாங்கியவர் வெளியேறினால் அவர் சீட்டுகள் குப்பைக்குப் போகாது, அடுத்த பெயருக்குப் போகும். 11உம் 10உம் சேர்ந்து 21. நிற்பதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் எண்ணுவதில் ஒற்றுமை வந்துவிடும், இரண்டாவது பெயராக நாம் ஒருவரையொருவர் எழுதிக்கொண்டால். அது நம் கையில்தான் இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், இந்தியாவுக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாநிலங்களவைத் தேர்தல் இந்த முறையில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு தடவைக்கு 6 இடம், 234 சட்டமன்ற உறுப்பினர். 234ஐ 7ஆல் வகுத்தால் 33 சொச்சம். எல்லோரும் ஓட்டுப் போட்டால் 34 பேர் கையில் இருந்தால் போதும், ஒரு இடம் நிச்சயம். நூற்றுக்குப் பதினைந்துகூட இல்லை. தங்களுக்குள் பதவி பிரிக்கும்போது சிறுபான்மைக்கு இவ்வளவு பாதுகாப்பு! சேரிக்கு வந்தால் மட்டும் ஒரு ஓட்டு அதிகம் உள்ளவனுக்கே எல்லாம். குடியரசுத் தலைவர் தேர்தலும் வரிசை எழுதும் முறைதான். 1969இல் முதல் விருப்ப ஓட்டில் யாரும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான் ஒருவர் வென்றார். அவர் பெயர் வி.வி. கிரி.

அம்பேத்கரே விகிதாச்சார முறையை மறுத்துவிட்டாரே என்று வாயடைப்பார்கள். உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் மறுத்தார். எழுத்தறிவு வேண்டும், ஆட்சி நிலையாக இருக்காது என்பவை அவர் சொன்ன காரணங்கள். அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். சின்னத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எழுத எம்.ஏ. வேண்டாம். நிலையான ஆட்சியைப் பொறுத்தவரை, யாருக்கு நிலையாக இருந்தது என்று பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தைக் கேட்க வேண்டும். 1996இலிருந்து பத்து வருடம் அங்கே தலித் தலைவர் ஒருவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜெயிக்க வைத்த கையோடு ராஜினாமா வாங்கினார்கள். 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அந்த இடத்தில் எந்த எண்ணும் முறையும் தனியாக ஒன்றும் கிழிக்காது என்பதும் எனக்குத் தெரியும். மேலவளவில் முருகேசன் ஓட்டு எண்ணிக்கையில் ஜெயித்தவர்தான். 1997 ஜூனில் பேருந்தை மறித்து வெட்டினார்கள்.

கொஞ்சம் படித்த நண்பர்கள் வேறொன்று சொல்வார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951லேயே நிரூபித்துவிட்டார், மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால் எல்லா நியாயமான நிபந்தனைகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் வரிசை முறை எதுவுமே இல்லை, ஆகையால் எந்த முறையாக இருந்தால் என்ன என்று. நல்லது. எந்த முறையும் பழுதில்லாதது இல்லை என்றால், எந்தப் பழுது யார் தலையில் விழுகிறது என்பதுதானே கேள்வி? ஒவ்வொரு கூரையும் எங்காவது ஒழுகும். நம் கூரை மட்டும் தொண்ணூறு வருடமாக நம் பாய்மேலேயே ஒழுகுகிறது.

2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறை பற்றிச் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. தமிழ்நாட்டுக்கு இடம் குறையக் கூடாது என்று எல்லோரும் பேசினார்கள். நியாயம்தான். மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பங்கு போட்டால் சிறிய மாநிலத்தின் குரல் போய்விடும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, ஊரின் தலையெண்ணிக்கையில் சேரியின் குரல் போவது ஏன் தெரிவதில்லை? தில்லிக்கு எதிராக அவர்கள் வைக்கும் வாதத்தைத்தான் நாம் ஊருக்கு எதிராக வைக்கிறோம்.

ஊரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் யோக்கியமில்லை. நான் வேலை செய்யும் அமைப்பில் ஏழு பேர் கொண்ட குழு. "எல்லாருக்கும் சம்மதந்தானே" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்வோம். ஏழு பேரும் ஒரே உட்சாதி, ஆறு பேர் ஆண்கள். அருந்ததியத் தோழர்கள் பின்னால் நின்று கை தூக்கினார்கள், வேறென்ன செய்வது? இரண்டு வருடம் சண்டை போட்டு, போன தடவை வரிசை எழுதும் முறைக்குக் கொண்டுவந்தோம். புளியங்கொட்டையை வைத்து மூன்று மணி நேரம் எண்ணினோம். அருந்ததியத் தோழர்கள் இரண்டு பேர், பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். பழைய ஆட்களில் இரண்டு பேர் அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவதில்லை. ஒருவர் என்னிடம், "நம்மளப் பிரிக்கிற கணக்க எங்கம்மா படிச்ச?" என்று கேட்டார்.

செயலாளரை மட்டும் இன்னும் கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அதை எடுக்கிறேன்.